ட்ரிகர் விரலுக்குப் பாடம் சொன்ன கைத்துப்பாக்கிகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் ஏர் பிஸ்டல் பழக வரும் பையன்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், ஒரு தடவையாவது சுட்டுப் பாக்கணும்னா எந்தெந்தத் துப்பாக்கிய சுடணும்?" கேட்கும்போதே பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். டெசர்ட் ஈகிள், .44 மேக்னம், கிளாக். எல்லாம் போனில் பார்த்தவை. சத்தம் பெரிசு, உதை பெரிசு, அதனால் அது பெரிய துப்பாக்கி என்று ஒரு கணக்கு.

நான் சொல்லும் பெயர்கள் வேறு. ஒரு கைத்துப்பாக்கியை அதன் ட்ரிகரை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. ராணுவத்தில் ஆயுதம், வண்டி எல்லாம் பழுதுபார்க்கிற இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தேன். யூனிட்டில் உள்ள ஆயுதங்களைப் பிரித்துப் போட்டு, தேய்ந்த பாகத்தை மாற்றி, பூட்டி, ரேஞ்சில் சுட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. அந்த வேலையில் கைக்கு வந்த பிஸ்டல், ரிவால்வர் எல்லாம் ஆளுக்கு ஒரு பாடம் என் ஆள்காட்டி விரலுக்குச் சொல்லிவிட்டுப் போயின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ட்ரிகர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரைபிளுக்குத் தோள் உண்டு, கன்னம் உண்டு, இரண்டு கை உண்டு. பிஸ்டலுக்கு இருப்பது நீட்டிய கை மட்டும். குறிபார்க்க முன்னால் இருக்கிற ஃபோர்சைட்டுக்கும் பின்னால் இருக்கிற பேக்சைட்டுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் இழுக்கிற இழுப்பில் ஃபோர்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தள்ளி இருக்கிற டார்கெட்டில் குண்டு 16 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். கண் சரியாகத்தான் பார்த்திருக்கும். கெடுத்தது விரல். வலதுகைக்காரர்கள் வெடுக்கென்று இழுத்தால் குண்டு இடப்பக்கம் கீழே போய் உட்காரும். டார்கெட் தாளைப் பார்த்தே இழுத்தவன் எப்படி இழுத்தான் என்று சொல்லிவிடலாம்.

முதலில் வெப்லி. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும்.

பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி செய்த ரிவால்வர். குழலின் குறுக்களவை அங்குலத்தில் சொல்லும் கணக்கில் .455 அளவில் வந்த மார்க் 6 மாடலை 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. முதல் உலகப்போரில் சேற்றுக் குழிக்குள் கிடந்தும் ஓடிய சாமான் இது. பிறகு .455 ரொம்பக் கனமாக இருக்கிறது, பழகாத கைக்கு ஆகவில்லை என்று .38 அளவுக்கு இறங்கினார்கள். வெப்லி கொடுத்த வடிவத்தை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்ஃபீல்டில் தன் சொந்த ஆலையில் செய்ய ஆரம்பித்ததும், வெப்லி கம்பெனி வழக்கே போட்டது. என் கையில் அதிகம் வந்தவை அந்த என்ஃபீல்டும், .38 வெப்லியும்தான். நம் ஊர் போலீஸ் அதிகாரிகள் இடுப்பிலும் நெடுங்காலம் இந்த வகைதான் தொங்கியது.

வெப்லியைத் திறப்பது தனி சுகம். இடப்பக்கம், தோட்டாவை அடிக்கிற ஹேமருக்குக் கீழே, கட்டைவிரலுக்கென்றே ஒரு கொக்கி இருக்கும். அதை அமுக்கி, பேரலை இடதுகையால் கீழே சாய்த்தால் துப்பாக்கி நடுவில் மடியும். மடிகிற வேகத்திலேயே தோட்டாக்கள் இருக்கிற சிலிண்டருக்கு நடுவிலிருந்து நட்சத்திர வடிவில் ஒரு தகடு எழும்பி, ஆறு வெற்றுத் தோட்டாவையும் ஒரே தூக்கில் தூக்கிவிடும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் தகடு சட்டென்று உள்ளே விழுந்துவிடும், தோட்டாக்கள் காலடியில் கிடக்கும். ஒவ்வொன்றாகக் குச்சி வைத்துக் குத்தி எடுக்கிற ரிவால்வர்கள் இருந்த காலத்தில் இதை யோசித்திருக்கிறார்கள். எண்ணெய் சரியாகப் போட்ட வெப்லியில் அந்த "டக்" சத்தம் எப்படி இருக்கணும் என்று ஆர்மரர் காதுக்குத் தெரியும். கொக்கி தேய்ந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும்.

இதன் ட்ரிகரை ஹேமரைப் பின்னால் இழுக்காமல் சுட்டுப் பாருங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும், அதுவும் நீண்ட இழுப்பு. சிலிண்டர் சுற்றுவது, ஹேமர் பின்னுக்குப் போவது, கடைசியில் விடுபடுவது எல்லாம் அந்த ஒரு இழுப்புக்குள். டாங்கிக்காரர்களுக்கென்று வந்த என்ஃபீல்டில் ஹேமரின் கொம்பையே எடுத்துவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது சிக்குகிறது என்று காரணம் சொல்வார்கள். ஆக, வேறு வழியே இல்லை, முழு இழுப்புத்தான். இதில் பாதியில் நிறுத்தி யோசித்தால் கை ஆடும். வேகமாக இழுத்தாலும் ஆடும். ஒரே சீராக, நடுவில் நிற்காமல், குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் விரல் வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த ஒன்றை வெப்லியில் பழகியவனுக்கு எந்த ட்ரிகரும் கஷ்டமில்லை. அதனால்தான் என் பட்டியலில் இது முதலில் நிற்கிறது.

இதன் பேரப்பிள்ளை இன்றைக்கும் இந்தியாவில் உண்டு. கான்பூரில் அரசு ஆயுத ஆலை செய்கிற .32 ரிவால்வர் வெப்லி மார்க் 4-ன் வழிவந்ததுதான். 2014-ல் பெண்களுக்கென்று டைட்டானியம் கலந்து எடை குறைத்து "நிர்பீக்" என்று விட்டார்களே, அதுவும் இதே வம்சம்.

அடுத்து பிரவுனிங். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவன் இந்தப் பெயரைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கி பிஸ்டல். அதே பிஸ்டலால் தன்னையும் சுட்டுக்கொண்டார். இந்தக் கதை தெரியாத வீடு நம் பக்கத்தில் இல்லை. ஆனால் அந்த பிஸ்டலை வரைந்தவர் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டால் பதில் வராது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரில், துப்பாக்கி செய்கிறவர் மகனாக 1855-ல் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங். அவர் வரைந்ததை பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் எஃப்.என். ஆலை செய்தது. பேரலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு இருக்கிறதே, இன்றைக்குப் பெரும்பாலான பிஸ்டல்களில் பார்க்கிற அதே ஸ்லைடு, அது விற்பனைக்கு வந்த பிஸ்டலில் முதலில் வந்தது அவருடைய 1900 மாடலில். .32 ஏ.சி.பி. என்கிற தோட்டாவும் அவர் தந்ததுதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மணியாச்சிக்கு மூன்று மாதத்துக்கும் குறைவாக முன்னால், அதே 1911 மார்ச் 29-ம் தேதி, அதே பிரவுனிங்கின் .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் தன் பிஸ்டலாக ஏற்றுக்கொண்டது. ஒரே ஆள் வரைந்த இரண்டு பிஸ்டல், ஒரே வருஷம். ஒன்று வல்லரசு ஆகப்போகிற நாட்டின் ராணுவத்துக்கு; இன்னொன்று புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிய ஒரு இளைஞனுக்கு. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

அந்த வம்சத்தில் நான் சுட்டது 1910 மாடல். தென்காசிப் பக்கம் ஒரு பழைய குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து வந்தது. வாரிசு முறையில் லைசென்ஸ் மாற்றி, ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி, ஒழுங்காக வைத்திருந்தார்கள். வீட்டுப் பெரியவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "தம்பி, இது ஓடுமா ஓடாதான்னு பாத்துச் சொல்லுங்க. ஓடலைன்னா சர்க்காருக்கே ஒப்படைச்சிருவோம். பீரோவுக்குள்ள சும்மா கெடந்து என்ன செய்ய?"

தோட்டாக்கூடான மேகசினை எடுத்துவிட்டு, குழலில் தோட்டா உட்காரும் இடமான சேம்பர் காலி என்று விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, பிரித்தேன். முன்னால் பேரலைச் சுற்றி ஒரு வளையம். அதை அமுக்கித் திருப்பினால் ஸ்பிரிங் வெளியே வரும். ஸ்பிரிங்குக்குத் தனி இடம் தேடாமல் பேரலைச் சுற்றியே மாட்டிவிட்டார் பிரவுனிங். பிஸ்டல் அவ்வளவு ஒல்லியாக இருப்பதற்குக் காரணமே அதுதான். வெளியே தெரிகிற ஹேமர் கிடையாது. பாதுகாப்பு மட்டும் மூன்று: பிடியின் பின்பக்கம் உள்ளங்கை அமுக்கினால்தான் சுடும், மேகசின் இல்லாவிட்டால் சுடாது, போதாததற்குக் கட்டைவிரலுக்கு ஒரு பூட்டு. பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருந்தது. கரைத்துத் துடைத்து, ஸ்பிரிங்கைச் சரிபார்த்து, ரைபிள் கிளப் ரேஞ்சில் வைத்துப் பெரியவர் முன்னாலேயே சுட்டோம். ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. உதை என்று சொல்லவே முடியாது, உள்ளங்கையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் சைட் மிகச் சின்னது, ஒரு கோடு மாதிரி. கண்ணை நம்ப முடியாத பிஸ்டலில் பிடியையும் மணிக்கட்டையும் நம்பக் கற்றுக்கொடுக்கிறது. 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் இந்த 1910 மாடல்தான்.

இந்த இடத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. .32 என்று பொதுவாகச் சொல்கிறோம். ரிவால்வரில் போடும் .32 வேறு, பிஸ்டலில் போடும் .32 வேறு. ரிவால்வர் தோட்டா நீளம், அடியில் விளிம்பு நன்றாக வெளியே நிற்கும். பிஸ்டல் தோட்டா குட்டை. லைசென்ஸ் புத்தகத்தில் இரண்டுக்கும் .32 என்றே எழுதியிருந்தாலும் கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

பிரவுனிங்கின் கடைசிப் பிள்ளை ஹை-பவர். அதை முடிப்பதற்குள் 1926-ல் லியேஜிலேயே இறந்துபோனார். எஃப்.என். ஆலையின் தியுடோனே சேவ் அதை எடுத்து முடித்து 1935-ல் வெளியே கொண்டுவந்தார். மேகசினில் தோட்டாவை இரண்டு வரிசையாக அடுக்கி 13 ரவுண்டு போட்டது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். நம் ராணுவத்தின் 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ, இஷாப்பூரில் செய்தது, இதே வடிவம். இதன் பிடி மாதிரி கைக்கு இசைந்த பிடி வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் ட்ரிகரில் ஒரு குறை உண்டு. மேகசின் இல்லாமல் சுடக்கூடாது என்று உள்ளே ஒரு சின்ன லிவர் வைத்திருக்கிறார்கள். அது மேகசினின் முகத்தில் உரசிக்கொண்டே நகரும். அதனால் இழுப்பில் ஒரு மணல் தன்மை. மேகசின் முகத்தை வழவழவென்று வைத்திருந்தால் பாதிக் குறை போய்விடும். நிறையப் பேர் இது தெரியாமல் ஸ்பிரிங்கைக் குறை சொல்வார்கள். பெரிய கைக்காரர்களுக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை ஹேமர் கடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெர்மன் பிஸ்டலான லூகரை எல்லோரும் கேட்பார்கள். ஒரு ரெஜிமென்டில், வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன்காரர்களிடமிருந்து வந்த ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பிரித்துத் துடைக்கும் வாய்ப்பு கிடைத்தது, சுடும் வாய்ப்பு கிடைக்கவில்லை. முழங்கால் மாதிரி மேல்நோக்கி மடிகிற அதன் பூட்டு அழகோ அழகு. அவ்வளவு நுணுக்கமாகக் கடைந்திருக்கிறார்கள். ஆனால் விரலின் இழுப்பு நேராகப் போகாமல் பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒரு லிவரைச் சுற்றி வளைத்துப் போகிறது. தோட்டா இல்லாமல் வெற்று ட்ரிகர் இழுத்துப் பார்த்தபோதே அது தெரிந்தது. நீட்டினால் தானாகக் குறி பார்க்கும்படியான சாய்ந்த பிடிக்காக லூகரைப் பிடித்துப் பாருங்கள்.

காஷ்மீரில் பிடிபட்டு வந்தவற்றில் ரஷ்ய வடிவத்தை வைத்துச் சீனாவில் செய்த டோக்கரேவ் வகை பிஸ்டல்கள் உண்டு. மெல்லிய பிஸ்டல், சுள்ளென்ற தோட்டா, ஹேமரைப் பாதியில் நிறுத்துவதைத் தவிரத் தனியாக ஒரு பாதுகாப்புப் பூட்டுகூடக் கிடையாது. எனக்கு அதன்மேல் பிரியம் வரவில்லை.

பிரவுனிங்கின் அந்த .45-ஐ, உலகமே 1911 என்று அழைக்கிற பிஸ்டலை, நான் சுட்டது ஓய்வு பெற்ற பிறகு, மகள் வீட்டுக்கு டெக்ஸாஸ் போனபோது. நம் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். அங்கே ரேஞ்சில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் விசிட்டர் விசாவில் போகிறவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதையே அவர்கள் மத்தியச் சட்டம் தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு. முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதில் ஒன்று. மருமகன் இதையெல்லாம் முன்கூட்டியே படித்து, எனக்கு அந்த லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். "மாமா, எல்லாம் சட்டப்படிதான் இருக்கு, நீங்க நிம்மதியா சுடுங்க" என்றார். சட்டம் தெரியாமல் யாரும் நேராக கவுன்டரில் போய் நிற்காதீர்கள்.

1911-ஐ ராணுவம் எடுக்கும் முன் வைத்த சோதனையில் 6,000 ரவுண்டு சுட்டார்கள். சூடானால் தண்ணீரில் முக்கி ஆறவைத்து மறுபடி சுட்டார்கள். ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. 1985 வரை அமெரிக்க ராணுவத்தில் அதுதான் பிஸ்டல். இவ்வளவும் படித்துத்தான் போனேன். ஆனால் விரல் வைத்த நொடியில் தெரிந்தது வேறு. மற்ற பெரும்பாலான பிஸ்டல்களில் ட்ரிகர் ஒரு ஆணியில் தொங்கி, வளைந்து பின்னால் வரும். 1911-ல் ட்ரிகர் தண்டவாளத்தில் ஓடுகிற பெட்டி மாதிரி நேராகப் பின்னால் போகிறது. இழுப்புக் குறைவு, விடுபடும் இடம் துல்லியம், விடுபட்ட பிறகு மிச்ச ஓட்டம் இல்லவே இல்லை. வெப்லியில் பழகிய விரலுக்கு இது தரும் சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. .45-க்கு இவ்வளவு உதைக்கும் அவ்வளவு உதைக்கும் என்பார்கள். அது ஒரு மெதுவான, கனமான தள்ளல்தான். 9 மி.மீ.-ன் வெடுக்கைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

பெரிய பிஸ்டலை முதல்முறை சுடுகிறவர்கள் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடச் சொல்லுங்கள். முதல் குண்டின் உதையில் திகைத்து, பிடியை இறுக்குகிற வேகத்தில் விரல் தன்னையறியாமல் இரண்டாவதையும் இழுத்துவிடும், அப்போது குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. மகளுக்கு அப்படித்தான் சுடச் சொல்லிக்கொடுத்தேன்.

அதே ரேஞ்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. 1899-ல் வந்த வடிவம், 60 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். ரிவால்வர் ட்ரிகர் எவ்வளவு வழுக்கலாக இருக்க முடியும் என்பதற்கு அதுதான் அளவுகோல். வெப்லியில் மல்லுக்கட்டியதை இதில் நிதானமாகச் செய்யலாம். 1873 கோல்ட் ரிவால்வரின் நகல் ஒன்றும் இருந்தது. ஹேமரைக் கட்டைவிரலால் இழுக்கும்போது நாலு கிளிக் கேட்கும். சுட்டதும் பிடி உள்ளங்கைக்குள் உருண்டு, ஹேமர் தானாகக் கட்டைவிரலுக்குக் கீழே வந்து நிற்கும். அந்த உருளலுக்காகவே வாழ்க்கையில் ஒருமுறை சுட வேண்டியது.

இனி .22. இதைச் சின்னதென்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. மத்தியப்பிரதேசத்தில் மவ் என்ற ஊரில் ராணுவத்தின் மார்க்ஸ்மேன்ஷிப் யூனிட் இருக்கிறது. லண்டன் 2012 ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் பயிற்சி பெற்ற இடம். அந்தப் போட்டியில் ஐந்து டார்கெட்டில் ஐந்து குண்டு. முதலில் 8 வினாடி, பிறகு 6, கடைசியில் 4 வினாடிக்குள். அங்கே போய் வந்தபோதுதான் போட்டி பிஸ்டல்களை நெருங்கிப் பார்த்தேன்.

என் மனசைப் பறித்தது ஒரு பழைய ரஷ்ய பிஸ்டல், மார்கோலின். ஓய்வுபெற்ற ஒரு கர்னல் வைத்திருந்தார். அதை வடிவமைத்த மிகயீல் மார்கோலினுக்குக் கண் தெரியாது. இளம் வயதில் சண்டையில் தலையில் பட்ட காயத்தால் பார்வை போனது. அதற்குப் பிறகு துப்பாக்கி வடிவமைக்கக் கற்றார். ஒவ்வொரு பாகத்துக்கும் மாதிரி செய்யவைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்துத் திருத்தினார். 1948-லிருந்து அது ஆலையில் ஓடியது. பிஸ்டலைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ட்ரிகரை மட்டும் கவனித்துப் பார்த்தேன். முதல் சின்ன ஓட்டம், ஒரு தடுப்பு, பிறகு கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி ஒரு விடுபடல். கண்ணால் பார்த்துச் செய்தவர்கள் எத்தனை பேரின் ட்ரிகர் இதற்குக் கிட்டே வரும்?

இதற்கு நேர் எதிர்முனையில் 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல். ட்ரிகரை இழுக்கத் தேவையான எடைக்குக் குறைந்தபட்ச அளவே கிடையாது. விரல் பட்டது தெரிவதற்குள் குண்டு போயிருக்கும். 50 மீட்டர் தள்ளி, நடுவில் இருக்கிற பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர்தான், ஒரே கையால் சுட வேண்டும். 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். பிஸ்டல் கலையின் உச்சம் என்று நான் நினைக்கிற போட்டி அது. எடுத்தது எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

இதெல்லாம் சரி, திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு எதைச் சுட முடியும் என்பார்கள். 9 மி.மீ., .38, .455 எல்லாம் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவுகள். ராணுவம், போலீஸில் இருந்தால் உண்டு. .32-க்கும் .22-க்கும் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, லைசென்ஸ் வாங்க வேண்டும். கிளப்பில் சேர்ந்து முறையாகப் போனால் .22 கைக்கு வரும். ஆனால் .177 ஏர் பிஸ்டலுக்கு, அதன் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால், ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் இடம் போதும்.

ஏர் பிஸ்டலை பொம்மை என்று நினைக்காதீர்கள். பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ட்ரிகர் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக்கூடாது. போட்டிக்கு முன்னால் பிஸ்டலை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். கல் மேஜையை விட்டு எழும்ப வேண்டும், ட்ரிகர் விடுபடக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் தன் பிஸ்டலைத் தானே அப்படித் தூக்கிப் பார்த்த பிறகுதான் லைனில் நிற்கணும்.

நான் கொடுக்கும் பயிற்சி எளிது. பெல்லட் என்கிற ஈயக்குண்டு போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, பேரல் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, வெற்று ட்ரிகர் இழுக்க வேண்டும். காசு விழக்கூடாது. எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை, வந்த புதிதில் காசு விழுந்தால் கண் கலங்கும். "அழாதம்மா, எங்க வெடுக்குன்னு வருதுன்னு மட்டும் பாரு" என்பேன். ட்ரிகர் தடுப்பில் வந்து நின்ற பிறகு மூச்சைப் பிடித்து விரலை விறைக்கிறாள் என்று கொஞ்ச நாளில் அவளே கண்டுபிடித்தாள். நான் சொல்லவில்லை. இப்போது காசை எடுத்துவிட்டு ஒரு வெற்று .22 தோட்டாவை நிற்கவைத்து இழுக்கிறாள், அது நிற்கிறது. பாரிஸ் 2024-ல் மனு பாக்கர் இதே ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தகப்பன்மார் அதிகமாகியிருக்கிறார்கள். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

நான் இன்னும் சுடாதது ஒன்று உண்டு. நாகன்ட், 1895 மாடல். ரஷ்ய ராணுவத்துக்காக லியேஜ்காரர் லியோன் நாகன்ட் வரைந்த ஏழு ரவுண்டு ரிவால்வர். எல்லா ரிவால்வரிலும் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கும், அதில் வாயு கொஞ்சம் ஓடிப்போகும். நாகன்டில் ஹேமர் பின்னால் போகும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து பேரலோடு போய் ஒட்டிக்கொள்ளும். தோட்டாவின் வாய் குண்டையும் தாண்டி நீண்டிருப்பதால் அது பேரலுக்குள் நுழைந்து இடுக்கை அடைத்துவிடும். இவ்வளவு வேலையையும் விரல்தான் இழுக்க வேண்டும், அதனால் ட்ரிகர் வெப்லியையும் மிஞ்சின கனம். லியேஜில் கிராண்ட் கர்ட்டியஸ் அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கென்றே பெரிய தொகுப்பு இருக்கிறது. பிரவுனிங் உயிர்விட்ட ஊர், மணியாச்சிக்கு வந்த பிஸ்டல் புறப்பட்ட பக்கம், நாகன்டின் ஊர், எல்லாம் அங்கேதான். அங்கே வேலை பார்க்கிற நம் பக்கத்துக்காரர் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். பெல்ஜியத்தில் வெளிநாட்டுக்காரர் ரேஞ்சில் சுடுவதற்குச் சட்டம் என்ன சொல்கிறது, பழைய நாகன்ட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னால் அடுத்த வருஷம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுகிறேன்.